ஏத்தலாமா, எறியலாமா? - ஒரு சீட்டாட்டக் கேள்வியின் நூறு வருஷக் கதை

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து சீட்டாட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தெரிந்தால் தொலைந்தேன் :-) ஆனால் இது ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காக எழுதும் கட்டுரை. கேள்வி என்னுடையது இல்லை. என் பெரியப்பா மகனுடையது.

எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி பக்கம். ஆந்திர எல்லை எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். வீட்டில் தமிழ், தெருவில் பாதி தெலுங்கு. ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் கமிஷன் எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்தது. அதுவரை எங்க தாத்தா சித்தூர் மாவட்டத்துக்காரர். இந்த எல்லை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வரும்.

ஊரில் நெசவுதான் பிழைப்பு. அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்கு மரத்தடியில் ஆண்கள் சீட்டு ஆடுவார்கள். ரம்மி, சில சமயம் மூணு சீட்டு. பத்து ரூபாய், இருபது ரூபாய். சாயங்காலம் யாராவது வீட்டம்மா வந்து சத்தம் போட்டால் ஆட்டம் கலையும். நான் சின்ன வயசிலிருந்து பார்த்தது இதுதான்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. நூல் வரவில்லை. நெய்த சேலை போகவில்லை. தறி நின்றுவிட்டது. நான் அப்போது ஒன்பதாவது, பரீட்சை எழுதாமலே பாஸான கூட்டம். அண்ணன் கையில் போன். போனில் ஒரு ஆட்டம். முதலில் இனாம் காசில் ஆடினான். ஏப்ரலில் நிஜக் காசு. ரம்மி இல்லை, போக்கர். அதிலும் "லிமிட்" மேசை. ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்று அளவு இருப்பதால் அது ஆபத்து கம்மி என்று நினைத்துக்கொண்டான்.

நவம்பருக்குள் 62,000 ரூபாய் போயிருந்தது. அதில் பெரும்பகுதி ஏலச்சீட்டு எடுத்த பணம். சீட்டுப் பணம் சீட்டிலேயே போச்சு என்று பெரியம்மா சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "டேய், நாலு பேர் உள்ள இருந்தோம். எனக்கு நாலு இஸ்பேட் சேந்துடுச்சு. இன்னும் ரெண்டு சீட்டு வரணும். ஏத்தினேன். தப்பாடா?"

"தெரியலண்ணா" என்றேன். இப்போது பி.காம். மூணாவது வருஷம். புள்ளியியல் பேப்பரில் நிகழ்தகவு படித்திருக்கிறேன். அதனால் தேடிப் பார்த்தேன். தேடினால் அந்தக் கேள்விக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது! கணித மேதைகள், கம்ப்யூட்டர்கள், சுப்ரீம் கோர்ட் என்று எல்லோரும் அதற்குள் வருகிறார்கள்.

முதலில் ஆட்டம்

தெரியாதவர்களுக்காக சுருக்கமாக. டெக்சாஸ் ஹோல்டெம் என்பது போக்கரில் ஒரு வகை. ஒவ்வொருவருக்கும் ரெண்டு சீட்டு மூடி வைத்துக் கொடுப்பார்கள். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூணு, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என அஞ்சு சீட்டைத் திறப்பார்கள். கையில் இருக்கும் ரெண்டும் மேசையில் இருக்கும் அஞ்சும் சேர்த்து, அதில் சிறந்த அஞ்சு யாருக்கோ அவருக்குப் பானை (நடுவில் குவிந்த காசு).

இடையில் நாலு சுற்று பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் மூணு வழிகள்: சீட்டை எறிந்துவிட்டு விலகலாம், எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டலாம், அல்லது அதற்கு மேல் ஏத்தலாம்.

"லிமிட்" ஆட்டத்தில் ஏத்தும் அளவு முன்கூட்டியே தீர்மானமானது. அண்ணன் ஆடியது 50/100 மேசை. முதல் ரெண்டு சுற்றில் 50 ரூபாய் வீதம், கடைசி ரெண்டு சுற்றில் 100 ரூபாய் வீதம். ஒரு சுற்றில் பொதுவாக ஒரு பந்தயமும் மூணு ஏற்றமும்தான், அதற்கு மேல் போகாது. சினிமாவில் காட்டுவது போல மொத்தக் காசையும் நடுவில் தள்ளிவிட்டு எதிராளியை மிரட்டுகிற கதை இங்கே கிடையாது. எவ்வளவு ஏத்துவது என்ற கேள்வியே இல்லை. எப்போது, எதற்கு ஏத்துவது என்பது மட்டும்தான் கேள்வி. அதனால்தான் கணிதக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை.

எதற்கு ஏத்துகிறார்கள்?

"நல்ல சீட்டு வந்தால் ஏத்து, இல்லாவிட்டால் எறி" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. காரணங்கள் பல.

ஒன்று, நம்ம சீட்டு பெரிசு, மட்டமான சீட்டு வைத்திருப்பவரும் கட்டுவார், அவரிடம் இன்னும் கொஞ்சம் வாங்கலாம். இது லாபத்துக்கான ஏற்றம். ரெண்டு, இப்போதைக்கு நாம் முன்னால் இருக்கிறோம், ஆனால் பின்னால் வருகிறவர்கள் அடுத்த சீட்டில் முந்திவிடலாம், அவர்கள் சும்மா பார்க்கக் கூடாது, காசு கொடுத்துப் பார்க்கட்டும். மூணு, ஒண்ணுமே இல்லாமல் மிரட்டுவது. நாலு, இப்போது ஒண்ணும் இல்லை, ஆனால் வரும் சீட்டில் பெரிசாக வாய்ப்பு இருக்கிறது. எதிராளி பயந்து போனாலும் லாபம், போகாவிட்டாலும் நமக்கு வழி இருக்கிறது. இதற்கு "செமி பிளஃப்" என்று பெயர் வைத்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. 1970-களிலிருந்து போக்கர் புத்தகங்கள் எழுதிய அமெரிக்கர். அஞ்சாவது காரணம் தந்திரம். முதலில் திறந்த மூணு சீட்டின் போது 50 ரூபாய் ஏத்தினால், எதிராளி பயந்து அடுத்த சுற்றில் கட்டாமல் சும்மா தட்டிவிடுவார். நாமும் தட்டிவிட்டால் 100 ரூபாய் சுற்றில் இலவசமாக ஒரு சீட்டு பார்க்கலாம். 50 செலவு செய்து 100 மிச்சம்.

இப்போது அண்ணன் கணக்கு. 13 இஸ்பேடில் 4 தெரிந்துவிட்டது. பாக்கி 9. அவன் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. இன்னும் ரெண்டு சீட்டு வர வேண்டும். ரெண்டிலும் இஸ்பேட் வராமல் போக வாய்ப்பு 38/47 x 37/46, அதாவது சுமார் 65 சதவீதம். ஆக, இஸ்பேட் வர வாய்ப்பு 35 சதவீதம்.

நூற்றுக்கு 65 தடவை அடிக்காது. அப்படி இருந்தும் ஏத்தலாமா?

நாலு பேர் இருக்கிறார்கள். அண்ணன் 50 ஏத்தினால், மற்ற மூணு பேரும் 50 கட்டினால், பானையில் புதிதாகச் சேர்வது 200. அதில் 35 சதவீதம், 70 ரூபாய். போட்டது 50, சராசரியாகத் திரும்புவது 70. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 20 ரூபாய் லாபம்! (இஸ்பேட் வந்தும் அதைவிடப் பெரிய சீட்டு எதிராளியிடம் இருந்து தோற்கும் சில தடவைகளைக் கழித்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் லாபம்தான்.)

அதே நாலு இஸ்பேட், எதிரில் ஒரே ஒருவர் என்றால்? புதிதாகச் சேர்வது 100, அதில் 35 சதவீதம் 35 ரூபாய். போட்டது 50. பதினஞ்சு ரூபாய் நஷ்டம். அப்போது ஏத்தினால் அவர் பயந்து எறிந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும்தான் ஏத்தலாம்.

சீட்டு மாறவில்லை. எதிரில் இருக்கும் ஆள் எண்ணிக்கை மட்டும் மாறியது. சரி தப்பாகிவிட்டது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

ஆக, அண்ணன் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில்: தப்பில்லை, ஏத்தினது சரி. அப்புறம் 62,000 எப்படிப் போச்சு? அதற்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும்.

பொய் சொல்வதற்கு ஒரு சூத்திரம்

1921-ல் பிரெஞ்சுக் கணிதக்காரர் எமில் போரல், எதிராளியின் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஆட்டங்களைக் கணக்காக மாற்ற முடியுமா என்று எழுத ஆரம்பித்தார். 1928-ல் ஜான் வான் நாய்மன் (ஹங்கேரிக்காரர், பிறகு அமெரிக்கா போனவர், கம்ப்யூட்டர் வரலாற்றிலும் வரும் அதே ஆள்தான்) ரெண்டு பேர் ஆடும் ஆட்டங்களுக்கு ஒரு அடிப்படைத் தேற்றத்தை நிரூபித்தார். 1944-ல் அவரும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதாரக்காரரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் போக்கருக்கே தனிப் பகுதி இருக்கிறது. எங்க மேனேஜீரியல் எகனாமிக்ஸ் பாடத்தில் "கேம் தியரி" என்று ரெண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.

வான் நாய்மன் காட்டியது என்ன தெரியுமா? மிரட்டல் ஏற்றம் என்பது தைரியசாலியின் குணம் கிடையாது. அது கணக்கில் வரும் ஒரு அவசியம். நீங்கள் நல்ல சீட்டுக்கு மட்டும் ஏத்தினால், ஏத்தும் போதெல்லாம் எல்லோரும் எறிந்துவிடுவார்கள். நல்ல சீட்டுக்குக் காசு கிடைக்காது. ஆகவே சில தடவை பொய்யும் ஏத்த வேண்டும். எந்தச் சீட்டுக்குப் பொய் சொல்வது? இருப்பதிலேயே மட்டமான சீட்டுக்கு. நடுத்தரச் சீட்டுக்கு இல்லை. நடுத்தரச் சீட்டு தானாகவே சில தடவை ஜெயிக்கும், அதை வைத்து எதற்கு மிரட்ட வேண்டும்?

எத்தனை தடவை பொய் சொல்லலாம் என்றும் கணக்கு உண்டு. கடைசிச் சுற்று. பானையில் 600 ரூபாய். நீங்கள் 100 கட்டுகிறீர்கள். எதிராளி 100 போட்டால் 700 ஜெயிக்கலாம். நீங்கள் கட்டும் எட்டு தடவையில் ஒன்று பொய் என்றால், அவர் பார்த்தாலும் எறிந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அதற்கு மேல் பொய் சொன்னால் பிடித்துவிடுவார். அதற்குக் கீழே சொன்னால் உங்கள் நிஜத்துக்குக் காசு தரமாட்டார். அவர் பக்கத்தில் பார்த்தால், ஏழுக்கு ஒரு தடவைக்கு மேல் எறிந்தால் உங்கள் பொய்கள் லாபமாகிவிடும். ஆகவே ஏழில் ஆறு தடவை அவர் பார்த்தே ஆக வேண்டும். லிமிட் ஆட்டத்தில் பானை பெரிசு, பந்தயம் சிறிசு. அதனால் மிரட்டலுக்கு இடம் கொஞ்சம்தான்.

1950-ல் ஹரால்ட் கூன் என்பவர் மூணே மூணு சீட்டு, ரெண்டே பேர் என்று ஒரு குட்டிப் போக்கரை உருவாக்கி முழுசாகத் தீர்த்துக் காட்டினார். அந்தக் குட்டி ஆட்டத்திலேயே மிரட்டல் தானாக வந்து நின்றது. பெரிய ஆட்டம் தீர இன்னும் 65 வருஷம் ஆனது.

டெக்சாஸிலிருந்து போன் வரை

இந்த ஹோல்டெம் பிறந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்று அந்த மாநில சட்டசபை 2007-ல் தீர்மானமே போட்டது. 1960-களில் லாஸ் வேகாஸுக்கு வந்தது. 1987-ல் கலிபோர்னியாவில் சட்டப்படி அனுமதி கிடைத்த பிறகு அங்கே சீட்டு மன்றங்களில் லிமிட் ஆட்டம் பெருகியது. 1998 ஜனவரி 1-ம் தேதி இணையத்தில் நிஜக் காசுக்கு நடந்த முதல் போக்கர் ஆட்டமும் லிமிட் ஹோல்டெம்தான்.

லிமிட் என்றால் சின்னக் காசு என்று நினைக்காதீர்கள். ஆண்டி பீல் என்ற டல்லாஸ் பேங்க் முதலாளி 2001-ல் தொடங்கி சில வருஷங்கள் வேகாஸின் பெரிய பெரிய ஆட்டக்காரர்களோடு நேருக்கு நேர் லிமிட் ஹோல்டெம் ஆடினார். கணக்கில் கெட்டிக்காரர். அவருடைய யோசனை: பந்தய அளவை எதிராளிக்குப் பயம் வரும் அளவுக்கு உயர்த்திவிட்டால், தொழில்காரர் கூட சரியாக ஏத்தத் தயங்குவார். தொழில்காரர்கள் பணத்தை ஒன்றாகத் திரட்டி ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்கள். 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி என்பவர் மூணே நாளில் பீலிடமிருந்து 1 கோடியே 66 லட்சம் டாலர் ஜெயித்தார். நான் இதில் படித்த பாடம், சரியான கணக்கு தெரிந்தால் போதாது, அந்தக் காசு போனாலும் கை நடுங்காத அளவுக்கு முதல் வேண்டும். ஏலச்சீட்டுப் பணத்தில் ஆடுபவனுக்கு அது கிடையாது.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!) என்ற ஒரு அக்கவுண்டன்ட், இணையத்தில் சின்னக் காசு கட்டித் தகுதி பெற்று, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அது அளவில்லாத "நோ லிமிட்" ஆட்டம். அதன் பிறகு உலகமே அந்தப் பக்கம் ஓடியது. லிமிட் ஓரமாகிவிட்டது.

கம்ப்யூட்டர் வந்து முடித்து வைத்தது

ஓரமானாலும் கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதை விடவில்லை. அவர்களுடைய "போலாரிஸ்" என்ற நிரல் 2007-ல் வான்கூவரில் ரெண்டு தொழில் ஆட்டக்காரர்களிடம் நூலிழையில் தோற்றது. 2008-ல் லாஸ் வேகாஸில் ஆறு ஆட்டத்தில் மூணு வெற்றி, ரெண்டு தோல்வி, ஒரு சமம் என்று ஜெயித்தது.

2015 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பௌலிங் குழு "சயன்ஸ்" இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ரெண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டெம் தீர்ந்தது என்று. நிரலின் பெயர் "செஃபியஸ்". கிட்டத்தட்ட 4,800 சி.பி.யு.க்கள், ரெண்டு மாதத்துக்கு மேல், தனக்குத்தானே ஆடி ஆடி, ஏத்தாமல் விட்டதற்கும் ஏத்தியதற்கும் "அடடா, மாத்தி செய்திருக்கலாமே" என்ற வருத்தத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு திருந்தியது. வருத்தத்தைக் குறைப்பதுதான் அந்த முறையின் பெயரே. ஒரு மனுஷன் தினமும் 12 மணி நேரம் 70 வருஷம் செஃபியஸோடு ஆடினாலும், அதனிடம் ஒரு ஓட்டை இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதாம்.

அது என்ன சொல்கிறது பாருங்கள். சீட்டு பிரிப்பவர் இடத்தில் இருந்தால் முதல் நகர்த்தலில் வெறுமனே சமமாகக் கட்டுவது என்பதே கிட்டத்தட்ட இல்லை. ஒன்று ஏத்து, இல்லாவிட்டால் எறி. ஆனால் அதே முதல் சுற்றில், கையில் ரெண்டு ஏஸ் இருந்தால் கூட கடைசி ஏற்றத்தை அது பெரும்பாலும் செய்வதில்லை. எதிராளிக்குத் தன் கையைக் காட்டிக்கொடுக்காமல் ஒளித்து வைக்கிறது. சரியான நேரத்தில் ஏத்தாமல் இருப்பதும் ஆட்டத்தின் பாதி.

நினைவிருக்கட்டும், தீர்ந்தது ரெண்டு பேர் ஆட்டம் மட்டும்தான். அண்ணன் உட்கார்ந்தது ஆறு பேர் மேசை.

கோர்ட் கேட்ட அதே கேள்வி

இப்போது நம்ம ஊர் பக்கம் வருவோம். 1963-ல் செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் போலீஸ் புகுந்து, காசு வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. சட்ட மாணவர்கள் "சத்யநாராயணா வழக்கு, 1968" என்று சொல்வது இதைத்தான். நீதிபதி ஹிதாயதுல்லா எழுதிய தீர்ப்பு, ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை எறிவது என்று முடிவெடுக்க வேண்டும், ஆகவே அது முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டு போன்றவை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டது.

யோசித்தால் வேடிக்கை. ரம்மியில் 20 பாயிண்ட் கொடுத்து எறிந்துவிட்டு வெளியே வரலாம், ஆனால் ஏத்த முடியாது. மூணு சீட்டில் ஏத்தலாம், ஆனால் புதுச் சீட்டே வராது, கணக்கு போட விஷயம் குறைவு. ஹோல்டெமில் ரெண்டும் உண்டு. அதனால்தான் போக்கர் விஷயத்தில் நம்ம கோர்ட்டுகள் ஒத்துப்போகவில்லை. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் போக்கரைச் சூதாட்டக் கணக்கில் சேர்க்கவில்லை. 2013-ல் கர்நாடக ஹைகோர்ட் போக்கர் பக்கம் சாய்ந்தது. 2017-ல் குஜராத் ஹைகோர்ட் சூதாட்டம்தான் என்றது.

2020-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு செப்டம்பரில் தடை முடிவு எடுத்தது. இந்தப் பக்கம் தமிழ்நாடு நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. எங்க ஊர் மாதிரி இடத்தில் மூணு மைல் தள்ளிப் போய் ஆடலாம் என்ற வழியும் அடைபட்டது. அண்ணன் நிறுத்தியது அப்போதுதான். புத்தி வந்து இல்லை, ஆப் திறக்கவில்லை.

2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆட்டங்கள் திரும்பி வந்தன. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டசபை புது மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் "அதிர்ஷ்ட ஆட்டம்" என்று இருந்தது. 2023 நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை ஏற்றது, ஆனால் அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025-ல் மாநில அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி போட்டது, ஜூனில் ஹைகோர்ட் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் நிறைவேற்றியது.

அறுபது வருஷமாக எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: திறமையா, அதிர்ஷ்டமா? எனக்கு என்னவோ கேள்வியே பாதி தப்பு என்று தோன்றுகிறது.

காமர்ஸ் மாணவன் போட்ட கணக்கு

அண்ணன் தினமும் சுமார் 2 மணி நேரம் ஆடினான். மணிக்கு 60 ஆட்டம் என்று வையுங்கள். ஏழு மாதத்தில் 25,000 ஆட்டம் வரும். ஒவ்வொரு பானையிலும் சராசரியாக 500 ரூபாய், அதில் மேசை நடத்துபவர் 5 சதவீதம் எடுக்கிறார் என்று வைத்தால் 25 ரூபாய். ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஆட்டத்துக்கு 4 ரூபாய். நாலு ரூபாய் யார் கண்ணிலும் படாது. டீ கூட வராது.

25,000 x 4 = ஒரு லட்சம் ரூபாய்.

அவன் தோற்றது 62,000. அதாவது, என் கணக்கு ஏறக்குறைய சரி என்றால், கமிஷன் மட்டும் இல்லாவிட்டால் அண்ணன் 38,000 ரூபாய் லாபத்தில் இருந்திருப்பான்! எதிரில் இருந்தவர்களை அவன் ஜெயித்திருக்கிறான். ஏத்த வேண்டிய இடத்தில்தான் ஏத்தியிருக்கிறான்.

உடனே "அப்போ அண்ணன் பெரிய கெட்டிக்காரன்" என்று சொல்லவும் முடியாது. லிமிட் ஆட்டத்தில் 100 ஆட்டத்துக்குத் திட்ட விலக்கம் சுமார் 17 பெரிய பந்தயம் என்று எடுத்தால், 25,000 ஆட்டத்துக்கு அது 27,000 ரூபாய் வரும். 38,000 என்பது அதைப் போல ஒன்றரை மடங்கு கூட இல்லை. அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஏழு மாதம் தூக்கம் கெட்டு ஆடிய பிறகும் தனக்குத் திறமை இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அந்த ஒரு லட்சத்தில் சந்தேகமே இல்லை. அது ஒவ்வொரு ஆட்டத்திலும் நிச்சயமாகப் போகிறது.

இன்னும் சுலபமாகச் சொல்கிறேன். ரெண்டு செஃபியஸை எதிரெதிரே உட்கார வையுங்கள். உலகத்திலேயே தப்பில்லாமல் ஏத்தத் தெரிந்த ரெண்டு பேர். பானைக்குப் பானை கமிஷன் எடுங்கள். விடிவதற்குள் ரெண்டும் போண்டி. ஜெயிப்பது மேசை வைத்தவர்.

நம்ம ஏலச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் நடத்துபவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு 5 சதவீதம், 2019-ல் திருத்தி 7 ஆக்கினார்கள். ஆனால் அது மாதத்துக்கு ஒரு ஏலம். போன் ஆட்டத்தில் மணிக்கு அறுபது ஏலம்! சதவீதம் ஒன்றுதான், சுற்றும் வேகம் வேறு. எங்க கல்லூரியில் சரக்கு சுழற்சி விகிதம் என்று ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்பார்கள். கடைக்காரருக்கு அது லாபம். இங்கே சரக்கு அண்ணன்.

சொல்லப்போனால், சத்யநாராயணா தீர்ப்பிலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது. மன்றம் உட்காரும் கட்டணம் வாங்குவது வேறு, ஆட்டத்திலிருந்தே லாபம் எடுப்பது வேறு என்று கோர்ட் பிரித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு திறமை என்ற சொல்லை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், இந்த வரியை விட்டுவிட்டார்கள். மரத்தடி ரம்மியில் யாரும் கமிஷன் எடுப்பதில்லை. பெரியப்பா தோற்றால் பக்கத்து வீட்டு மாமா ஜெயிப்பார், அடுத்த அமாவாசைக்குக் காசு திரும்பி வரும். ஊர்க் காசு ஊரிலேயே சுற்றும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதி அண்ணனிடம் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தான். 35 சதவீதம், 70 ரூபாய் என்ற இடத்தில் விரலை வைத்து, "அப்போ நான் ஏத்தினது சரிதானே?" என்றான்.

"சரிதாண்ணா."

"பின்ன எங்கடா தப்பு?"

"உக்காந்ததுதாண்ணா தப்பு."

சிரித்தான். அஞ்சு வருஷத்தில் அந்த விஷயத்தைப் பேசும்போது அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி தறியை ஓட்டினான். நகைக் கடனில் இன்னும் மூணு தவணை பாக்கி இருக்கிறது.

சரி நண்பர்களே, எனக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் காத்திருக்கிறது. உங்கள் வீட்டில், ஹாஸ்டலில் யாராவது "எனக்கு ஆடத் தெரியும்" என்று சொன்னால், தெரியாது என்று சண்டை போடாதீர்கள். தெரிந்தே இருக்கலாம். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், ஒரு ராத்திரிக்கு எத்தனை ஆட்டம் என்று மட்டும் கேளுங்கள். பெருக்கலை அவர்களே போடட்டும்.